முதல் ஆமென்

எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தோம். அதற்கு அட்மின் நான்தான். செலஸ்டின் அக்கா என்பார்கள், வயது ஐம்பத்து நான்கு, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஜெப வேண்டுதல் போட்டால் அடுத்த நிமிடமே எல்லாரும் ‘ஆமென்’ என்று தட்டிவிடுவோம். முழுதாகப் படித்துவிட்டுத் தட்டுகிறவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். அட்மின் என்பதால் முதல் ஆமென் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு வேறு. காலையில் புக்கிட் பாத்தோக்கில் ரயில் ஏறியதும் கைப்பேசியை எடுத்து, மூட்டுவலி, விசா, பரீட்சை, பிரசவம் என்று வந்து கிடக்கிற எல்லாவற்றுக்கும் வரிசையாக ஆமென் போட்டுக்கொண்டே போவேன். ஜூரோங் ஈஸ்ட்டில் வண்டி மாறுவதற்குள் ஊர் மக்களை எல்லாம் ஆண்டவரிடம் ஒப்படைத்து முடித்திருப்பேன்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான். ஓய்வு பெற்ற அல்போன்சம்மாள் டீச்சர் ஒன்று போட்டிருந்தார். ‘நான்கு வயதுக் குழந்தை ரஃபேலுக்கு இன்று இருதய ஆபரேஷன். ஒரு நிமிடம் ஒதுக்கி ஜெபியுங்கள்’ என்று மூன்று வரி. அதற்குக் கீழே ‘மேலும் படிக்க’ என்று இருந்தது. நான் மேலும் படிக்கவில்லை. ஆமென் போட்டேன். எனக்கு அடுத்து ஜெரார்ட் போட்டான், பிறகு கிட்டார் வாசிக்கிற ஆர்னால்ட், பிறகு மற்றவர்கள். எட்டு மணிக்குள் அறுபத்து மூன்று ஆமென் விழுந்துவிட்டது.

மதியம் சாப்பிடும்போதுதான், குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க அந்தச் செய்தியைத் திறந்தேன். உள்ளே வேறு சங்கதி இருந்தது. தமிழ்நாட்டில் தேர்தல் நேரம். குழந்தையை ஏற்றி வந்த ஆம்புலன்ஸை ஒரு கட்சியின் ஊர்வலம் மறித்துவிட்டதாம். அந்தக் கட்சிக்காரன் வீட்டில் விளக்கு எரியக்கூடாதாம், அவன் பிள்ளையும் இப்படிக் கிடக்க வேண்டுமாம். சிங்கப்பூரிலும் அவர்களை விடக்கூடாதாம். லிட்டில் இந்தியாவில் அவர்களுடைய ஆட்கள் நடத்துகிற கடைகள் என்று மூன்று பெயர்கள், அங்கே யாரும் கால் வைக்காதீர்கள், கண்டால் படம் எடுத்துப் பெயரோடு போடுங்கள் என்று கட்டளை. அதற்கு நேர் கீழே எங்கள் ஆமென்கள் வரிசையாக நின்றன. சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன்.

அட்மின் செய்ய வேண்டிய முதல் காரியம் அதை அழிப்பது. நான் முதலில் படம் எடுத்தேன். செய்தியின் கடைசிப் பத்து வரியும் அதற்குக் கீழே இருந்த ஆமென்களும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட். அதை இன்னொரு சின்னக் குழுவில் போட்டேன். இங்கேயே பிறந்து, ஒரே பாடற்குழுவில் பாவாடை சட்டையோடு பாடி வளர்ந்த ஐந்து பெண்கள் நாங்கள். அந்தக் குழுவில் எங்களுக்கு ஒளிவு மறைவு கிடையாது. படத்துக்குக் கீழே எழுதினேன்: “பாருங்கடி, ஊர்லேருந்து வந்தவங்க நம்ம பங்கை என்ன கதி ஆக்கிட்டாங்கன்னு. ஒவ்வொருத்தனும் ஆமென் போடுறான்.”

செய்தியைப் போட்ட டீச்சர் சிங்கப்பூரில் பிறந்தவர். முதல் ஆமென் போட்ட நானும் சிங்கப்பூரில் பிறந்தவள். அப்படியிருந்தும் அந்த வரியைத்தான் எழுதினேன். யோசித்து எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வாயில்லை. யோசிக்கத் தேவையே இல்லாத அளவுக்கு அது எனக்குள் தயாராக இருந்தது. பிறகு குழுவில் டீச்சர் செய்தியை அழித்தேன், ‘இங்கே அரசியல் வேண்டாம்’ என்று கண்டிப்பாக ஒரு வரி போட்டேன், கை கழுவிவிட்டு வேலைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை என்று ஆகிவிட்டது. எங்கள் ஐவரில் பெதானி, தன் வீட்டுக்காரரின் பேட்மிண்டன் குழுவுக்கு மட்டும் அனுப்பினாளாம். மட்டும்! அங்கிருந்து அது கடல் தாண்டியது. தமிழ்நாட்டில் அந்தக் கட்சிக்காரர்கள், ‘சிங்கப்பூரில் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளைச் சபிக்கும் கூட்டம்’ என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், ‘சபித்தவன் எங்கள் சிங்கம்’ என்று பதிலுக்கு எழுதினார்கள். இங்கே ஒரு கூட்டம், ‘உங்கள் ஊர்ச் சண்டையை ஏன் எங்கள் ஊருக்குத் தூக்கி வருகிறீர்கள், அனுப்பு இவனைத் திரும்ப’ என்று கிளம்பியது. ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாத இத்தனை கூட்டமும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது. அந்த விஷயம் ஜெரார்ட்.

ஏன் ஜெரார்ட் என்றால், அதற்கும் நான்தான் காரணம். எங்கள் பங்கில் ஜெரார்ட் என்று நான்கு பேர். வேலை செய்ய வந்த பிள்ளைகளில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்தக் கம்பெனிக்கு, எந்த விடுதிக்கு ஓட வேண்டும் என்று தெரிய வேண்டாமா? அதனால் என் கைப்பேசியில் அவர்களைப் பெயர், ஊர், கம்பெனி என்று சேர்த்தே பதிந்து வைத்திருந்தேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், எடுக்கிறவர் எப்படிப் பதிந்து வைத்திருக்கிறாரோ அப்படியே பெயர் வரும். டீச்சர் பெயர் செய்தியின் தலைப்பக்கம் இருந்ததால் படத்தில் விழவேயில்லை. படத்தில் ‘ஆர்னால்ட் கிட்டார்’ என்று இருந்தது. அந்த ஆர்னால்டை உலகத்தில் யார் தேடப் போகிறார்கள்? ‘ஜெரார்ட் தூத்துக்குடி’ என்று போட்டுப் பக்கத்திலேயே கப்பல் பட்டறைக் கம்பெனியின் பெயரும் முழுசாக இருந்தது. முகவரி எழுதி ஒட்டிய பார்சல் மாதிரி அவனைக் கொடுத்துவிட்டேன். என்னுடைய ஆமென் மட்டும் வலது பக்கம் பச்சைக் கட்டத்தில் பெயரில்லாமல் இருந்தது. சொந்தக் கைப்பேசியில் சொந்தப் பெயர் வராது அல்லவா.

ஜெரார்டுக்கு இருபத்தெட்டு வயது. ஆறு வருடமாக வெல்டர். தியானப் பாட்டை அவன் பாடினால் ஃபாதரே கண்ணை மூடிக்கொள்வார். சூப்பர்வைசர் பரீட்சையில் தேறி, அடுத்த மாதம் பதவி உயர்வு என்று எனக்கு லட்டு வாங்கிக் கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவனே கூப்பிட்டான்.

“அக்கா, ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. கம்பெனி பேஜ்ல போயி எல்லாரும் என்னைய அனுப்பச் சொல்லி எழுதுதாங்களாம். போலீஸ்ல வேற யாரோ ரிப்போர்ட் குடுத்துட்டாங்கன்னு சொல்லுதாங்க. நான் குழந்தைக்குத்தானக்கா ஆமென் போட்டேன்?”

“தெரியும்பா. எனக்குத் தெரியாதா?”

“வேலை பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா என்னக்கா செய்ய?”

“அப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க லா. நான் பேசுறேன்,” என்றேன். யாரிடம், என்ன பேசுவது என்று ஒன்றும் தெரியாமல்தான் சொன்னேன்.  

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டோம். படம் எடுத்த கறுப்பு ஆடு யார் என்று கண்டுபிடிக்க. நடத்தியது யார்? அட்மின்தானே நடத்த வேண்டும். மைக்கைப் பிடித்துக்கொண்டு, “யாரா இருந்தாலும் பரவாயில்ல, முன்னுக்கு வந்து சொல்லிடுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்,” என்று நானே கேட்டேன். என் குரல் நடுங்கவேயில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேல் பயமாக இருக்கிறது. மண்டபத்தில் இங்கே பிறந்தவர்கள் ஒரு பக்கமும் ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் அப்படித்தான் உட்காருவோமா, அன்றைக்குத்தானா என்று எனக்கு நினைவில்லை.

ஆர்னால்ட் எழுந்தார். “வெளியாள் வேலைதான் இது. நம்மாளுங்க செய்யமாட்டாங்க.”

“நம்மாளுன்னா யாரு சார்?” என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான். அதோடு கூட்டம் கலைந்தது. அல்போன்சம்மாள் டீச்சர் கடைசி வரைக்கும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெரார்ட் பின்வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை நம்பிப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலைக்குள் நாற்பது பேர் குழுவை விட்டுப் போய், தங்களுக்கென்று தனிக் குழு ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனேன். செய்தியில் வந்த மூன்று கடைகளில் ஒன்று முகமது இஸ்மாயில் பாயுடையது. இருபது வருடமாக மசாலா அங்கேதான் வாங்குகிறேன். கடைக்கு ஆள் வராமல் மனிதர் நொடித்துப் போயிருப்பார் என்று பயந்துகொண்டே போனால், வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க செலஸ்டின். இவங்கல்லாம் எனக்கு ஆதரவு குடுக்க வந்திருக்காங்களாம்,” என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. “எந்தக் கட்சியோ ஒரு காலண்டர் குடுத்துட்டுப் போனான், ஆணி சும்மாதானே இருக்குன்னு மாட்டினேன். என் வோட்டு இந்த ஊர்ல. நான் எப்ப அவங்க ஆளானேன்?”

“காலண்டரைக் கழட்டிட வேண்டியதுதானே?”

“கழட்டினா இவங்க அடிப்பாங்க. மாட்டுனா அவங்க அடிப்பாங்க. நீங்களே சொல்லுங்க, நான் தேதி பாக்குறதா வேணாமா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கல்லாவுக்கு மேலே புதிதாக ஒரு கேமரா மாட்டியிருந்ததைப் பார்த்தேன். “படம் எடுத்து விட்டது யாருன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, கொத்தமல்லி கூட வாங்காமல் வந்தேன்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு ஜெரார்டின் கம்பெனிக்குப் போனேன். அங்கே ஆள் விவகாரங்களைப் பார்க்கிறவர் ரத்னவேல் என்கிற தமிழர், இந்த ஊர்க்காரர். கெட்ட மனிதர் இல்லை. கோப்பி வாங்கிக் கொடுத்தார். என் கைப்பேசியைக் காட்டி, மூன்று வரிக்குப் பிறகு ‘மேலும் படிக்க’ என்று நின்றுவிடும், அழுத்தினால்தான் மிச்சம் வரும், யாரும் அழுத்தமாட்டோம் என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி விளக்கினேன்.

“எனக்குப் புரியுது மேடம். பாஸுக்குத்தான் புரியணும்,” என்றார். “அவனே பெருமைக்குப் படம் எடுத்து விட்டான்னு நெட்ல போட்டிருக்காங்க. பாஸ் அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. படம் எடுத்தது யாருன்னு தெரிஞ்சு, அந்த ஆளு பேரு, அடையாள கார்டு நம்பர் எல்லாம் போட்டு, இவனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு ஒரு லெட்டர் குடுத்தா போதும். பையனை நான் காப்பாத்திடுவேன். புதன்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன்.”

“யாரோ எடுத்ததுன்னு எழுதிக் குடுத்தா?”

“யாரோன்னா யாருன்னு கேப்பாரு லா.”

அங்கேயே சொல்லியிருக்கலாம். நாற்காலி, மேசை, கோப்பி எல்லாம் அதற்குத்தான் போட்டு வைத்த மாதிரி இருந்தது. “விசாரிச்சுச் சொல்றேன்,” என்று எழுந்து வந்தேன்.

அன்று வீட்டில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். ‘அந்தப் படத்தை எடுத்தவள் நான். முதல் ஆமென் போட்டவளும் நான். ஜெரார்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.’ மூன்றே வரி, கீழே என் பெயரும் அடையாள அட்டை நம்பரும். செவ்வாய்க்கிழமை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் பார்த்தால், நெட்டில் அந்தப் படத்துக்குக் கீழே புதிதாக ஒரு கேள்வி வந்திருந்தது. ‘வலது பக்கம் பச்சைக் கட்டத்தில் இருப்பது யார்? அவன்தானே படம் எடுத்தவன்? முதல் ஆமென் அவனுடையதுதானே?’ அதற்கு ஐந்நூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். ‘பிடித்துக் கொடுங்கள்’ என்று ஒருவர். ‘எங்கே வேலை செய்கிறான் என்று தெரிந்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று இன்னொருவர்.

எங்கே வேலை செய்கிறேன்? விமான நிலையத்தில். கழுத்தில் தொங்குகிற பாஸ் இல்லாமல் என் மேசைக்குக்கூட நான் போக முடியாது. அந்தப் பாஸைப் பிடுங்கி என்னை வாசலில் நிறுத்துகிற மாதிரி மனதுக்குள் படம் ஓடியது. அதோடு, ஐவர் குழுவில் நான் எழுதிய அந்த வரி. படம் எடுத்தது நான் என்று தெரிந்தால் அந்த வரியும் வெளியே வரும். ‘ஊர்லேருந்து வந்தவங்க.’ வேலையைவிட அதற்குத்தான் அதிகமாகப் பயந்தேன்.   ரயிலில் எதிரே யாராவது கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் என்னைத்தான் எடுக்கிறார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புதன்கிழமை கடிதம் என் கைப்பையில் இருந்தது. அதைப் படம் பிடித்து ரத்னவேலுக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும். பத்தரைக்கு எடுத்தேன், சரக்கு ரசீதில் ஒரு திருத்தம் வந்தது, வைத்தேன். பதினொன்றரைக்கு எடுத்தேன், மேலதிகாரி பக்கத்தில் நின்றார், வைத்தேன். பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கடிதத்தைப் படமும் எடுத்து, அனுப்புகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் தடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. பன்னிரண்டே கால் மணிக்கு அனுப்பாமலே வெளியே வந்து கை கழுவினேன். மூன்று மணிக்கு என்ன தோன்றியதோ, அனுப்பிவிட்டேன்.

ரத்னவேல் உடனே கூப்பிட்டார். “மேடம், பன்னெண்டரைக்கே கேன்சல் பண்ணியாச்சு. இனிமே திருப்ப முடியாது. சனிக்கிழமை ஃப்ளைட்.” வைக்கப் போனவர் நிறுத்தினார். “காலையில அனுப்பியிருக்கலாமே மேடம்,” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜெரார்டைப் பார்க்கப் போனேன். ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் இருப்பதாகச் சொன்னான். அண்ணனுக்கு ஒரு டிரில்லிங் மெஷின் வாங்க வந்திருந்தான். கடைக்காரச் சீனர் அதைச் சுவர் பிளக்கில் செருகி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சல் நிற்கும் வரை காத்திருந்தேன். பிறகு பேசலாம், சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று மறுபடியும் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அதனால் கடை வாசலிலேயே சொன்னேன்.

“ஜெரார்ட், அந்தப் படத்தை எடுத்தது நான்தான்பா.”

அவன் பெட்டியின் மூடியை ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“தெரியும்க்கா.”

“ரத்னவேல் சொன்னாரா?”

“அவரு ஒண்ணும் சொல்லல. எனக்கு மொத நாளே தெரியும். என் பேரைக் கம்பெனியோட சேத்துப் போன்ல வச்சிருக்கது நீங்க ஒருத்தர்தான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வார்டுல நர்ஸ்கிட்ட நீங்க போனைக் காட்டினீங்களே, பக்கத்துல படுத்திருந்தேன்ல.” பிறகு டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். “செவ்வாக்கிழம ரத்னவேல் சார் என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. எடுத்தது யாருன்னு பேரை மட்டும் சொல்லு, நீ இருந்துக்கலாம்னாரு.”

“சொல்ல வேண்டியதுதானே? ஏன் சொல்லல?”

“சொன்னா உங்களையும் இப்படித்தான செய்வாங்க.” இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். கோபம் இருக்கிறதா என்று தேடினேன். களைத்துப்போன முகமாக இருந்தது, அவ்வளவுதான். “நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்க்கா. பன்னெண்டு மணி வரைக்கும் இருந்தேன்.”

 மன்னித்துவிடு என்று கேட்கலாமென்றால், கேட்டதும் அவன் சரி என்று சொல்லிவிடுவான். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

அவன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான். நான் பின்னாலேயே போனேன். அவன் வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.